அம்மாவுக்கு வராத காய்ச்சல்

பிளஸ் டூ முடித்த கோடையில் எங்கள் வீட்டு அலமாரியில் இரண்டு விண்ணப்பப் படிவங்கள் கிடந்தன. ஒன்று அருப்புக்கோட்டையில் ஒரு கல்லூரிக்குப் போய் என் தகப்பனார், அத்தா, வாங்கி வந்தது. இன்னொன்று தஞ்சாவூர்ப் பக்கம் ஓர் அரபு மதரஸாவுக்கு நான் கடிதம் போட்டு வரவழைத்தது. இரண்டையும் யாரும் நிரப்பவில்லை. ஒரு மாதம் இப்படியே போயிற்று.

அத்தாவுக்குக் கரி வியாபாரம். சீமைக்கருவேல மரத்தை வெட்டி, கூம்பு மாதிரி அடுக்கி, வைக்கோலும் மண்ணும் போட்டு மூடி, உள்ளே தீ வைத்துப் பல நாள் வேகவிட்டு எடுக்கிற மூட்டக் கரி. எங்கள் ஊர் வீரசோழனிலிருந்து நரிக்குடி வரைக்கும் ஏழெட்டு இடங்களில் அவருடைய மூட்டங்கள் புகைந்துகொண்டிருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். "ஒரு டிகிரி மட்டும் வாங்கிரு, அப்புறம் என்னமும் செய்யி" என்பதைத் தவிர அவர் எனக்கு வேறு எந்தக் காரணமும் சொன்னதில்லை. ஊரில் நாலு பேர் முன்னால் சொல்லிக்கொள்ளத்தான் அவருக்குப் பட்டம் வேண்டும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

எனக்கு ஓதப் போகவேண்டும் என்ற எண்ணம் வந்தது ஒரு கேள்வியால். நான் பதினொன்றாம் வகுப்பு படிக்கும்போது அத்தாவின் அண்ணன் மவுத்தாகிவிட்டார். வீட்டில் மூன்று நாள் குர்ஆன் ஓதினோம். என் குரல் கொஞ்சம் கணீரென்று இருக்கும், அதனால் என்னைத்தான் முன்னால் உட்கார வைத்தார்கள். மூன்றாம் நாள், மூட்டத்தில் வேலை பார்க்கிற ஓர் அம்மா துக்கம் கேட்க வந்திருந்தார். பக்கத்துக் கிராமத்துக்காரர், எங்கள் மார்க்கம் இல்லை. போகும்போது வாசலில் என்னைப் பார்த்து, "தம்பி, நீ ஓதுனது கேக்கவே நல்லா இருந்துச்சு. அதுல என்னய்யா சொல்லுது?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. பத்து வயதுக்குள் முழுக் குர்ஆனையும் ஓதி முடித்தவன். ஓர் எழுத்து பிசகாமல் ஓதுவேன். ஒரு வரிக்கும் பொருள் தெரியாது. "நல்லதுதான் சொல்லுது" என்று சமாளித்தேன். அவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். எனக்குத்தான் அந்தப் பதில் போதவில்லை; பொருள் தெரிந்து ஓதவேண்டும் என்ற ஆசை அன்றைக்கு வந்தது.

இழுபறியை முடித்து வைத்தது அம்மா. ஒரு நாள் மத்தியானம் அத்தாவுக்குச் சோறு போட்டுக்கொண்டே, "தபால்லயே டிகிரி படிக்கிறாகளாமே. அவன் ஓதவும் போகட்டும், டிகிரியும் எழுதட்டும். ரெண்டு பேரும் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு என் வீட்ல ஒக்காராதீக" என்றார். அத்தா சோற்றைப் பிசைந்தபடியே, "மதரஸாவுல விடுவாகளா?" என்று கேட்டார். "கேட்டாத்தான தெரியும்" என்றார் அம்மா.

ஓதுகிற படிப்பு ஏழு வருஷம். தபால்வழி வரலாற்றுப் பட்டம் மூன்று வருஷம். இரண்டிலும் சேர்ந்துவிடுவது என்று முடிவாயிற்று.

மதரஸாவில் சேர்ந்த அன்று, அங்கே ஹஜ்ரத் என்று அழைக்கப்படுகிற ஆசிரியர்கள் ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். இங்கே ஓதும் காலத்தில் வேறு எந்தப் படிப்பும் படிப்பதில்லை, வேறு எந்தப் பரீட்சையும் எழுதுவதில்லை என்று அதில் இருந்தது. நான் படித்துப் பார்த்தேன். கையெழுத்தும் போட்டேன். அன்று சாயங்காலமே வீட்டுக்குக் கடிதம் எழுதினேன். 'பட்டப் படிப்புக்கு ஹஜ்ரத்மார்கள் அனுமதி கொடுத்துவிட்டார்கள்' என்று அதில் ஒரு வரி. ஒரே நாளில் இரண்டு பக்கமும் பொய். யாரையும் ஏமாற்றுவதாக அப்போது தோன்றவில்லை, எல்லோரையும் சந்தோஷப்படுத்திவிட்டதாகத்தான் தோன்றியது.

தபால்வழிப் பாடங்கள் வீட்டு விலாசத்துக்கு வரும். அம்மா அவற்றை முறுக்கு டப்பாவுக்கு அடியில் வைத்துக் கட்டி அனுப்புவார். நானே சொன்ன ஏற்பாடுதான். 'சும்மா அனுப்பினால் தபாலில் கசங்கிவிடுகிறது' என்று அதற்கும் ஒரு பொய் எழுதியிருந்தேன். மதரஸாவில் மத்தியான லுஹர் தொழுகைக்குப் பிறகு எல்லோரும் ஒரு மணி நேரம் படுப்பார்கள். நான் சமையல்கட்டுக்குப் பின்னால் விறகு அடுக்கியிருக்கிற கொட்டகைக்குப் போய்விடுவேன். 'அடித்தான்' என்ற ஒரு சொல்லையே பதினான்கு விதமாகத் திருப்பித் திருப்பிச் சொல்லவைக்கும் அரபு இலக்கணம் காலையில். விறகுக் கொட்டகையில் பிரெஞ்சு ராஜாவின் தலை போன கதை மத்தியானத்தில். இரண்டுமே எனக்குப் பிடித்திருந்தன. அதுதான் இதில் வேடிக்கை. யாராவது வருகிற சத்தம் கேட்டால் வரலாற்றை விறகுக்குள் செருகிவிட்டு, அரபுக் கிதாபை மடியில் எடுத்து வைத்துக்கொள்வேன்.

எனக்கு முன்னால் சேர்ந்த ஒரு மாணவர் பெட்டியில் கணக்குப் பதிவியல் புத்தகம் இருந்ததென்று ஊருக்கு அனுப்பப்பட்டார். அவர் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போனதை நான் பார்த்தேன். அன்றிலிருந்து எனக்குள் ஒரு பயம் குடிவந்தது. சாப்பிடும்போதும் தொழும்போதும் அது இருந்தது.

முதல் இரண்டு வருஷமும் பிறைக் கணக்கு என்னைக் காப்பாற்றியது. மதரஸாவுக்கு நோன்பு மாதம் முழுக்க விடுமுறை. பெருநாள் முடிந்து பத்து நாள் கழித்துத் திறப்பார்கள். அந்த வருஷங்களில் நோன்பு கோடையில் வந்தது. பட்டப் பரீட்சையும் கோடையில்தான். முதல் வருஷம் நோன்பு வைத்துக்கொண்டே அருப்புக்கோட்டைக்கு பஸ் ஏறிப் போய்ப் பரீட்சை எழுதினேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மேற்பார்வைக்கு வந்த ஆசிரியர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். வேண்டாம் என்றதும் புரிந்துகொண்டு, என்னை எழுப்பி மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார வைத்தார்.

அந்த விடுமுறையில்தான் மூட்டத்தில் வேலை செய்யும் அந்த அம்மாவைத் தேடிப் போனேன். அன்றைக்கு நான் ஓதியதில் ஒரு பகுதி, செத்துக் காய்ந்த பூமிக்கு உயிர் கொடுத்துத் தானியம் விளையவைப்பதைப் பற்றிச் சொல்கிறது என்றேன். கரித்தூசி படிந்த முகத்தோடு அவர் வானத்தைப் பார்த்தார். "அப்ப அதக் கொஞ்சம் சத்தமா ஓதுய்யா, ரெண்டு வருசமா மழையில்ல" என்றார்.

பிறைக் கணக்கில் வருஷத்துக்குப் பதினோரு நாள் குறைவு. நோன்பு ஒவ்வொரு வருஷமும் முன்னால் தள்ளிக்கொண்டே போகும். பரீட்சை இருந்த இடத்திலேயே இருக்கும். இது எனக்குத் தெரியாத விஷயமில்லை. ஆனாலும் மூன்றாம் வருஷத்துக் கால அட்டவணை கையில் வந்தபோதுதான் உறைத்தது. போதாததற்கு அந்த வருஷம் பரீட்சையும் பத்து நாள் தள்ளிப் போயிருந்தது; மதரஸா திறந்து ஒரு வாரம் கழித்துத்தான் முதல் பரீட்சை. மொத்தம் ஐந்து. கடைசிப் பரீட்சை முடிய இரண்டு வாரம் ஆகும்.

அம்மாவுக்குக் கடும் காய்ச்சல், டைபாய்டு என்று டாக்டர் சொல்கிறார், கூட இருந்து பார்க்க ஆளில்லை, மூன்று வாரம் விடுப்பு வேண்டும் என்று, விடுமுறை முடியும் முன்பே மதரஸா முதல்வரான பெரிய ஹஜ்ரத்துக்கு எழுதினேன். ஊரில் யார் கண்ணிலும் படாமல் இருக்க, அருப்புக்கோட்டை போகும் வழியில் திருச்சுழியில் பஸ் நிற்கிற பத்து நிமிஷத்தில் இறங்கி ஓடிப்போய்த் தபால் பெட்டியில் போட்டேன். வீட்டில், "பரீட்சைக்கு லீவு குடுத்துட்டாக" என்று சொன்னேன்.

மூன்று பரீட்சைகள் நல்லபடியாக முடிந்தன. நான்காவது பரீட்சை அன்று நடந்ததை நான் பார்க்கவில்லை. அம்மா சொல்லியும், மூட்டத்தில் இருந்தவர்கள் நடித்துக் காட்டியும், பிற்பாடு பலமுறை கேட்டிருக்கிறேன்.

மதரஸாவில் எங்களுக்கு இலக்கணம் எடுத்த ஹஜ்ரத் இளம் வயதுக்காரர். பரமக்குடியில் அவருடைய உறவுக்காரர் வீட்டுக் கல்யாணம். "அப்படியே வீரசோழன் போய் அந்தப் பையனோட தாயாரைப் பார்த்துட்டு வாங்க" என்று முதல்வர் சொல்லி அனுப்பியிருக்கிறார். ஹஜ்ரத் பஸ்ஸை விட்டு இறங்கி விசாரிக்க, அத்தா மூட்டத்தில் இருப்பார் என்று அங்கே கூட்டிப்போய் விட்டிருக்கிறார்கள்.

அத்தா இடுப்பளவு கரியில் நின்று லோடு ஏற்றிக்கொண்டிருந்தார். ஹஜ்ரத் சலாம் சொல்லிவிட்டு, முகத்தைக் கவலையாக வைத்துக்கொண்டு, "வீட்ல அம்மாவுக்கு உடம்பு ரொம்ப முடியலையாமே, இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டிருக்கிறார்.

காலையில் நல்லபடியாகத் தோசை சுட்டுக் கொடுத்த அம்மாவுக்கு இடையில் என்னவோ ஆகிவிட்டது, சொல்லத்தான் ஆள் வந்திருக்கிறது என்று அத்தா நினைத்துவிட்டார். வந்தவர் யார் என்றுகூடக் கேட்கவில்லை. கூடையைப் போட்டுவிட்டு வீட்டைப் பார்த்து ஓடத் தொடங்கினார். செருப்பு இல்லை. உடம்பெல்லாம் கரி. என்ன ஆயிற்றென்று தெரியாமல் இரண்டு வேலைக்காரர்கள் அவர் பின்னால் ஓடினார்கள். அவர்களுக்குப் பின்னால், ஜிப்பாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஹஜ்ரத் ஓடினார்.

அம்மா கொல்லையில் உட்கார்ந்து மிளகாய் வற்றலுக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். அத்தா மூச்சிரைக்கப் போய் நின்று, "ஒனக்கு என்ன செய்யுது?" என்று கத்தியிருக்கிறார்.

அம்மா ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "எனக்கு என்ன செய்யுது? ஒங்களுக்கு என்ன செய்யுது?" என்று கேட்டாராம்.

அதற்குள் ஹஜ்ரத் வாசலுக்கு வந்துவிட்டார். அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கதவுக்குப் பின்னால் போய் நின்றார். டைபாய்டு, விடுப்புக் கடிதம், மதரஸாவில் நூறு பேர் கையேந்தி அம்மாவுக்காக துஆ கேட்டது எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. அத்தா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அம்மாதான் கதவுக்குப் பின்னாலிருந்து பேசினார்.

"எனக்கு ஒண்ணும் இல்லைங்க அசரத்து. மகன் அருப்புக்கோட்டையில டிகிரி பரீட்சை எழுதப் போயிருக்கான். நீங்க அனுமதி குடுத்ததாத்தான் எங்ககிட்டச் சொன்னான். ரெண்டு எடத்துலயும் பொய் சொல்லியிருக்கான் போல. இருங்க, சாப்ட்டுட்டுப் போகலாம். அவன் நாலு மணி பஸ்ஸுக்கு வந்துருவான்."

நான் நாலு மணி பஸ்ஸுக்கு வந்தேன். பரீட்சை நன்றாக எழுதிய மிதப்பில் வாசலுக்கு வந்தவன், முன் அறையில் பாயில் அமர்ந்திருந்த ஹஜ்ரத்தைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டேன். கையில் வினாத்தாள். ஒளிக்கவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

அவர் திட்டவில்லை. "பரீட்சை எப்படி எழுதுன?" என்று கேட்டார்.

"நல்லா எழுதியிருக்கேன் ஹஜ்ரத்."

"இன்னும் எத்தனை பாக்கி?"

"ஒண்ணு."

"அதையும் எழுதிட்டு வா. வந்து பெரிய ஹஜ்ரத்கிட்ட நீயே சொல்லு. நான் முந்திச் சொல்லமாட்டேன். நீ வராம இருந்தாத்தான் சொல்லுவேன்." எழுந்து துண்டைத் தோளில் போட்டுக்கொண்டவர், வாசல்வரை போய்த் திரும்பினார். "பரீட்சை எழுதுனதுகூடப் பரவால்லப்பா. நாங்க எல்லாரும் அழுது துஆ கேட்டோம். சமையல்காரர் உங்கம்மாவுக்காக ரெண்டு நோன்பு வச்சாரு."

அவர் போன பிறகு நான் அடுப்படிக்குப் போனேன். அம்மா என்னைப் பார்க்காமல், "நல்லா இருந்த என்னைய நோயாளி ஆக்கிட்டியேப்பா" என்றார். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்தபோது எனக்குள் மூன்று வருஷமாக இருந்த அந்தப் பயத்தைத் தேடிப் பார்த்தேன். அது இல்லை. என்ன நடக்கப்போகிறது என்று தெரியாது. ஆனால் இனிமேல் கண்டுபிடிக்க ஒன்றும் மிச்சமில்லை. அன்று சாயங்காலம் நாலு தட்டு சோறு சாப்பிட்டேன்.

ஐந்தாவது பரீட்சையும் முடிந்ததும் நான் மதரஸாவுக்குக் கிளம்பினேன். அத்தா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார். "நானும் வாரேன்."

"வேணாம்த்தா. நான் பாத்துக்கிறேன்."

"நீ பாத்துக்கிட்ட லட்சணம்தான் தெரியுதே" என்று முன்னால் நடந்தார். மதுரையில் பஸ் மாறும்போது எனக்கு மட்டும் டீ வாங்கிக் கொடுத்தார்.

முதல்வர் அறையில் நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். சேர்ந்த அன்று போட்ட கையெழுத்திலிருந்து விறகுக் கொட்டகை, முறுக்கு டப்பா, டைபாய்டு வரைக்கும். அவர் முழுவதையும் கேட்டுக்கொண்டார். கடைசியில் அத்தாவைப் பார்த்து, "உங்களுக்கு எதுக்கு இந்த டிகிரி?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

அத்தா தன் கைகளைப் பார்த்தார். எவ்வளவு தேய்த்தாலும் நகக்கண்ணில் கரி போகாத கைகள்.

"எங்க ஊருக்கு அங்கிட்டு ஒரு சின்ன ஊரு. அங்க தொழ வச்ச அசரத்து நல்ல மனுசர். ஒரு வெள்ளிக்கெழம ஜும்மாவுல, பொண்ணு வீட்ல கைக்கூலி வாங்கிக் கல்யாணம் முடிக்கிறது தப்புன்னு பேசிட்டாரு. அந்த வாரம் ஊர்ப் பெரிய வீட்ல கல்யாணம். அடுத்த ஜும்மாவுக்கு அவரு அங்க இல்ல. அவரு பாயி, தையல் மிசினு, மூணு பச்சப் புள்ளைக எல்லாத்தையும் என் கரி லாரியிலதான் ஏத்தி மானாமதுரை டேசன்ல விட்டேன். புள்ளைக சட்டையெல்லாம் கரி. அவுக வீட்டம்மா முக்காட்டுக்குள்ள அழுதுக்கிட்டே வந்தாக." அத்தா என் பக்கம் கையைக் காட்டினார். "இவன் ஓதக்கூடாதுன்னு நான் சொல்லலைங்க. இவனும் நாளைக்குப் பள்ளிவாசல் மிம்பர்ல ஏறிப் பேச நிப்பான். பேசவேண்டியதப் பேசணும்ல? பேசுனா சோத்துக்கு என்ன செய்யிறதுன்னு பயந்து வாய மூடிக்கிட்டுப் போயிறக்கூடாதுல்ல? அதுக்குத்தான்."

நான் அத்தாவைப் பார்த்தேன். இதை அவர் என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. ஏன் சொல்லவில்லை என்று பிற்பாடு கேட்டபோது, "ஓதப் போறேன்னு ஆசையா நின்ன. அப்ப போயி இதச் சொல்லச் சொல்றியா?" என்றார்.

முதல்வர் அத்தாவின் பக்கம் திரும்பினார். "ஏழு வருஷத்துப் படிப்பை மூணாம் வருஷத்துல விட்டுட்டு, வேற படிப்பு, வெளிநாட்டு வேலைன்னு போயிடுறாங்க. அதுக்காகப் போட்ட கட்டுப்பாடு அது" என்றார். பிறகு என்னிடம், "நீ முடிச்சிட்டுத்தான் போவியா?"

"முடிச்சிட்டுத்தான் போவேன் ஹஜ்ரத்."

"இதுவும் டைபாய்டு மாதிரியா?"

"இல்ல ஹஜ்ரத்."

அவர் உதட்டோரம் சிரிப்பு வந்ததை நான் பார்த்தேன். "போய் ஓது. ஆனா உனக்காகக் கையேந்துனவங்க முன்னாடி நீ உண்மையைச் சொல்லணும். இன்னைக்கு அஸர் முடிஞ்சதும்."

சாயங்கால அஸர் தொழுகை முடிந்து யாரும் எழவில்லை. நான் முன்னால் போய் நின்றேன். அத்தா கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். "என் அம்மாவுக்குக் காய்ச்சல் இல்லை. வரவே இல்லை. நான் ஒரு பரீட்சை எழுதப் போவதற்காகப் பொய் சொன்னேன். எல்லோரும் என்னை மன்னிக்கவேண்டும்" என்றேன். தலையைத் தூக்க முடியவில்லை.

அப்போது ஓரத்திலிருந்து சமையல்காரர் கேட்டார். நிஜமாகவே குழம்பிப்போய்த்தான் கேட்டார். "அப்ப நாம கேட்ட துஆவெல்லாம் எங்கப்பா போச்சு? நான் வச்ச நோன்பு?"

முதல்வர் திரும்பி அவரைப் பார்த்து, "அதனாலதான் அந்தம்மாவுக்குக் காய்ச்சலே வரலை போல" என்றார்.

முதலில் இலக்கண ஹஜ்ரத் சிரித்தார். அப்புறம் நூறு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வழிய. கடைசி வரிசையில் அத்தா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவரை மதரஸாவிலேயே சாப்பிட வைத்துத்தான் அனுப்பினார்கள்.

பரீட்சை முடிவு வந்தது. மூன்றாம் வகுப்பில் தேறியிருந்தேன். அம்மா அந்தத் தாளை அண்டை வீடுகளுக்கெல்லாம் கொண்டுபோய்க் காட்டினாராம். ஓதுகிற படிப்பில் பாக்கி இருந்த நான்கு வருஷத்தையும் முடித்தேன். அந்த நான்கு வருஷத்தில் விறகுக் கொட்டகைப் பக்கம் நான் போகவே இல்லை. லுஹருக்குப் பிறகு எல்லோரையும் போலப் படுத்துத் தூங்கினேன். அப்படியொரு தூக்கம். பிறகு பி.எட். படித்துப் பள்ளிக்கூட வாத்தியாரானேன். வெள்ளிக்கிழமைகளில், சம்பளம் எதுவும் வாங்காமல், ஒரு சின்னப் பள்ளிவாசலில் பயான் என்கிற மார்க்கப் பேச்சு பேசுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில், ஓதி முடித்ததற்கான ஸனதை மதரஸாவில் எனக்குக் கொடுத்த அன்று அத்தாவும் அம்மாவும் வந்திருந்தார்கள். அம்மா அந்தப் பக்கம் வருவது அதுதான் முதல் தடவை. விழா முடிந்து ஊருக்குத் திரும்பும்போது அம்மா பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தார். ரோட்டை ஒட்டியே வாய்க்கால். இரு கரையும் தொட்டுக்கொண்டு தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. ஊரில் தண்ணீர் வந்தால் வாளியோடு ஓடிப் பழகிய அம்மா ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு அத்தாவின் கையைத் தட்டி, "இம்புட்டுத் தண்ணி அதுபாட்டுக்குப் போகுது, ஒருத்தனும் வாளியத் தூக்கிட்டு ஓடி வரக் காணோமே" என்றார்.

அத்தா எட்டிப் பார்த்தார். "போயிட்டுப் போகுது விடு. நம்ம ஊருக்கா வரப்போகுது?" என்று சொல்லிவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தார். கொஞ்ச தூரம் போவதற்குள் குறட்டை விடத் தொடங்கிவிட்டார்.